நோய்க்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைசுற்றல், நெஞ்சுப் படபடப்பு, காரணம் தெரியாத எடைக்குறைவு, மாதக்கணக்கில் விடாத வயிற்றுவலி என்று ஏதோ ஒன்று இருக்கிறது. டெஸ்ட் நடந்துகொண்டிருக்கிறது, இன்னதுதான் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இதற்கிடையே விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. இந்த நிலையில் இருப்பவர்களும், அவர்களுக்காகப் பாலிசி எடுக்கும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். பாலிசிக்குப் பாலிசி வாசகம் மாறும். இதைப் படித்த கையோடு உங்கள் பாலிசியில் சொற்களுக்கு விளக்கம் தரும் பக்கத்தையும், எதற்கெல்லாம் பணம் இல்லை என்று சொல்லும் பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

டாக்டர் இன்னும் நோய்க்குப் பேரே சொல்லலை. இன்சூரன்ஸ் கிடைக்குமா, கிடைக்காதா?

பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அந்த அறிகுறியையும் அதோடு தொடர்புள்ள எதையும் விலக்கிவிட்டு மற்றதற்குத்தான் கொடுப்பார்கள். சில நிறுவனங்கள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதையும் சேர்க்கும். சில நிறுவனங்கள் முடிவு தெரிந்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும்.

சர்க்கரை நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் எளிதாகக் கவர் தருகிறவர்கள் இதற்கு ஏன் தயங்குகிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. பெயருள்ள நோய் என்றால், அது உள்ளவர்களில் எத்தனை பேர் பயணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். பெயரில்லாத நெஞ்சுவலி வெறும் அசிடிட்டியாக இருக்கலாம், இதயக் குழாய் அடைப்பாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே விலை போட முடியாது. கட்டுப்பாட்டில் உள்ள பெரிய நோயைவிடக் காரணம் தெரியாத சின்ன அறிகுறிக்குக் கவர் வாங்குவது கடினமாக இருப்பது இதனால்தான்.

பேரே இல்லாத நோய் எப்படி 'ஏற்கெனவே இருக்கும் நோய்' ஆகும்?

பாலிசிகள் நோயின் பெயரைவிட அறிகுறி எப்போது தொடங்கியது, டாக்டர் எப்போது என்ன சொன்னார் என்பதையே பார்க்கின்றன. அமெரிக்காவில் விற்கும் பயணப் பாலிசிகள் பெரும்பாலும் வாங்கிய நாளுக்கு முந்தைய 60 முதல் 180 நாள்வரை திரும்பிப் பார்க்கும். அந்தக் காலத்தில் சிகிச்சை எடுத்திருந்தாலோ, டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தாலோ, விவரமறிந்த ஒருவர் டாக்டரைப் பார்க்கப் போயிருக்கக்கூடிய அளவுக்கு அறிகுறி இருந்திருந்தாலோ, அது ஏற்கெனவே இருந்ததுதான், விலக்கில் போய்விடும்.

கனடாவில் 'நிலையாக இருந்த காலம்' என்று ஒன்று கேட்பார்கள். 90 நாள், 180 நாள் என்று பாலிசியைப் பொறுத்து மாறும். அந்தக் காலத்தில் புது அறிகுறி வந்தாலோ, மாத்திரையின் அளவு மாறினாலோ, ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பப்பட்டாலோ, டெஸ்ட் முடிவு வரவேண்டியிருந்தாலோ நிலையாக இருந்ததாகக் கணக்கில் வராது. இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டுக்கு வைத்திருக்கும் வரையறையில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்தில் கண்டறியப்பட்ட நோய் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ சொன்ன உடல்நிலையும் சேரும்.

நான் டாக்டர்கிட்டயே போகலை. ரெக்கார்டே இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

நீங்களே சொல்லிவிடுவீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் போனதும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, 'இது எவ்வளவு நாளாக இருக்கிறது?' என்பது. வலியில் இருப்பவர் உள்ளதைச் சொல்வார், சொல்லத்தான் வேண்டும். 'மூன்று மாதமாக விட்டுவிட்டு வலி' என்ற அந்த ஒரு வரி கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் வந்துவிடும். க்ளெய்ம் பார்ப்பவர் முதலில் தேடுவதும் அந்த வரியைத்தான். அறிகுறியே போதும் என்று சொல்லும் பாலிசிகளைப் பற்றி முந்தைய பதிலில் சொன்னேன். அங்கே ரெக்கார்டு இல்லாதது உங்களைக் காப்பாற்றாது.

இன்சூரன்ஸுக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து போய்ப் பாருங்கள். பயணத்துக்கு முன்பே காரணம் தெரிந்து மருந்தும் தொடங்கிவிட்டால், கவர் கிடைக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

ஃபார்ம்ல என்ன எழுதுறது? லிஸ்ட்ல என் பிரச்சினையே இல்லையே.

இணையதளப் படிவத்தை மூடிவிட்டு போனில் கூப்பிடுங்கள். படிவம் நோயின் பெயரைத்தான் கேட்கும். உங்களிடம் இருப்பது அறிகுறி. அதை அறிகுறியாகவே சொல்லுங்கள்: என்ன தொந்தரவு, எந்த மாதம் தொடங்கியது, யாரைப் பார்த்தீர்கள், எந்த டெஸ்ட் முடிந்தது, எது பாக்கி, என்ன மாத்திரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுண்டா. ஃபோனில் பேசியதை ஈமெயிலில் எழுத்தாகத் தரச் சொல்லுங்கள். 'அதெல்லாம் கவர் ஆகும் சார்' என்று ஏஜென்ட் வாயால் சொன்னது க்ளெய்ம் நேரத்தில் நிற்காது.

நீங்களாக ஒரு நோயை ஊகித்து லிஸ்டில் டிக் அடிக்க வேண்டாம். சீட்டில் டாக்டர் ஒரு நோயின் பெயரை எழுதி, முன்னால் கேள்விக்குறி போட்டிருப்பார். அது அவருடைய சந்தேகம், முடிவு இல்லை. அதை முடிவாக எழுதிக் கொடுத்து, பிறகு வேறு நோய் என்று தெரிந்தால், வாங்கிய கவர் தவறான நோய்க்கு வாங்கியதாகிவிடும். 'டாக்டர் இதைச் சந்தேகிக்கிறார், இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லுங்கள்.

சொன்னா பிரீமியம் ஏறும். சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?

எப்படித் தெரியவரும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். தெரிந்த பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். விலக்கோடு எடுத்த பாலிசியில் அந்த ஒரு பிரச்சினைக்கு மட்டும் பணம் வராது. மறைத்து எடுத்ததாகத் தீர்மானித்தால் பாலிசியே செல்லாது என்று சொல்ல நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. அப்போது தொடர்பில்லாத விபத்துக்கும் பணம் இல்லை.

காப்பீடு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம் என்பது பழைய சட்டம். 1766இல் லண்டனில், ஒரு கோட்டைக்கு எடுத்த காப்பீடு பற்றிய வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு இதைத் தெளிவாக எழுதினார்: ஆபத்தின் விவரங்கள் காப்பீடு கேட்பவருக்குத்தான் தெரியும், எதிராளி அவர் சொல்வதை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார். இன்றைய சட்டங்கள் வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் சாதகமாகியிருக்கின்றன. பிரிட்டனில் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவாகத் தவறிவிட்டால் க்ளெய்மைக் குறைக்கலாம்: 100 பிரீமியம் கட்டியிருக்க வேண்டியவர் 60 கட்டியிருந்தால் க்ளெய்மிலும் 60 சதவீதம்தான். வேண்டுமென்றே மறைத்தவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

என்கிட்ட உடம்பைப் பத்தி ஒரு கேள்வியுமே கேட்கலையே. அப்போ எல்லாம் கவர்தானே?

இல்லை. கேள்வி கேட்காமல் விற்கும் பாலிசியில் சோதனை க்ளெய்ம் வரும்போது நடக்கும். நான் பார்த்த ஏமாற்றங்களில் அதிகம் இங்கேதான். அமெரிக்கப் பயணப் பாலிசிகளில் பெரும்பாலும் மருத்துவக் கேள்வி இருக்காது. பணம் கேட்கும் நாளில்தான் பழைய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு, மேலே சொன்ன 60–180 நாளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆனால் அதே பாலிசிகளில் நோய் தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது. பயணத்துக்கு முதல் பணம் கட்டிய நாளிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள், பெரும்பாலும் 14 முதல் 21 நாளுக்குள், பாலிசி எடுத்துவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய் என்ற விலக்கையே தள்ளுபடி செய்யும் திட்டங்கள் உண்டு. திரும்பக் கிடைக்காத பயணச் செலவு முழுவதற்கும் காப்பீடு எடுத்திருக்க வேண்டும், பாலிசி வாங்கும் நாளில் பயணம் செய்யும் உடல்நிலையில் இருக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். டிக்கெட் போட்டு இரண்டு மாதம் கழித்து இன்சூரன்ஸ் தேடினால் இந்த வழி மூடிவிட்டிருக்கும்.

டெஸ்ட்டைத் திரும்பி வந்து எடுத்துக்கிறேன். அப்போ 'ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறீர்களா'ங்கிற கேள்விக்கு இல்லைன்னு போடலாம்தானே?

போட முடியாது. டாக்டர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்த நாளிலேயே நீங்கள் காத்திருப்பவர்தான். தேதியை நீங்கள் தள்ளிப் போட்டாலும் ரத்து செய்தாலும் அது மாறாது. பரிந்துரைத்த பரிசோதனையைச் செய்துகொள்ளாமல் பயணித்தால், மருத்துவ ஆலோசனையை மீறிப் பயணித்ததாகவும் நிறுவனம் வாதிடலாம். எண்டோஸ்கோபி, பயாப்ஸி, இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் ஹோல்டர் போன்றவற்றை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட வேண்டியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

வருஷா வருஷம் செய்யற செக்கப்புக்குத் தேதி வாங்கியிருக்கேன். அதையும் சொல்லணுமா?

எந்தத் தொந்தரவும் இல்லாமல் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையைப் பெரும்பாலான பாலிசிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அதில் ஏதோ தெரிந்து மறுபடியும் வரச் சொல்லியிருந்தால் சொல்லியாக வேண்டும்.

எல்லா டெஸ்ட்டும் முடிஞ்சுது, ஒண்ணும் தெரியலைன்னுட்டாங்க. தொந்தரவு மட்டும் இருக்கு. என் நிலைமை என்ன?

வருஷக்கணக்கில் பெயரில்லாத நோயோடு வாழ்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். குறிப்பாக அரிய மரபணுக் கோளாறுகள் உள்ள குழந்தைகளுக்குப் பெயர் கிடைக்கவே பல காலம் ஆகும். இவர்களையும் 'கண்டறியப்படாத நோய்' என்ற ஒரே கூடையில் போட்டு முதல் நிறுவனம் மறுத்துவிடும். அதோடு விட்டுவிட வேண்டாம்.

டெஸ்ட் பாக்கி இருப்பவருக்கும், டெஸ்ட் முடிந்து காரணம் கிடைக்காதவருக்கும் நிறுவனத்தின் பார்வையில் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாமவருக்கு அடுத்த வாரமே பெரிய செய்தி வரலாம். இரண்டாமவருக்குப் பெரிய காரணங்கள் இல்லை என்று தெரிந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை டாக்டரின் கடிதம்தான் நிறுவ வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: என்னென்ன பரிசோதனைகள் முடிந்தன, அவற்றில் என்ன இல்லை என்று உறுதியானது, இனி எந்தப் பரிசோதனையும் திட்டத்தில் இல்லை, எத்தனை மாதமாக நிலைமை மாறாமல் இருக்கிறது. அந்தக் கடிதத்தோடு, நோயுள்ளவர்களுக்கென்றே பாலிசி தரும் நிறுவனங்களையோ அவற்றைத் தேடித் தரும் புரோக்கரையோ அணுகுங்கள். அங்கே மருத்துவ விவரத்தைக் கம்ப்யூட்டர் மட்டும் பார்க்காமல் மனிதர் படித்துப் பார்ப்பார்.

டாக்டர் 'பறக்கலாம்'னு ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் கொடுத்தாச்சு. அது போதும்தானே?

அது விமான நிறுவனத்துக்கு. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர்வரை உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். ஆக்சிஜன் குறைவு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காரணம் தெரியாத மயக்கம் இருப்பவர்களிடம் விமான நிறுவனம் மெடிஃப் என்ற படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கி வரச் சொல்லலாம்.

சர்ட்டிஃபிகேட் இருப்பதால் பாலிசியின் விலக்கு நீங்கிவிடாது. ஆனால் மருத்துவ ஆலோசனையை மீறவில்லை என்பதற்கு அது சாட்சி. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒண்ணைத்தான் விலக்கிட்டாங்களே, மிச்சத்துக்கு எதுக்குப் பாலிசி?

விபத்து, உணவு விஷமாவது, புதிதாக வரும் காய்ச்சல், பெட்டி தொலைவது, பாஸ்போர்ட் போவது, விமானம் ரத்தாவது எல்லாம் இன்னும் கவரில்தான். எலும்பு முறிந்தவரைப் படுக்க வைத்து ஊருக்குக் கொண்டுவரும் செலவு ஒன்றே ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். வாங்குங்கள்.

தலைசுற்றலை விலக்கிட்டாங்க. நான் படியில வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா?

விலக்கின் வாசகத்தைப் பாருங்கள். 'நேரடியாகவோ மறைமுகமாகவோ இதனால் ஏற்படும் எதுவும்' என்றிருந்தால், தலைசுற்றி விழுந்தீர்கள் என்று சொல்லிக் க்ளெய்மை மறுக்க இடம் இருக்கிறது. ஈரத்தரையில் வழுக்கியதுதான் உண்மை என்றால், அது முதல் நாளே கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். டியூட்டி டாக்டர் உங்கள் பழைய விவரத்தைக் கேட்டுவிட்டு, 'தலைசுற்றல் உள்ளவர், விழுந்தார்' என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடக்கூடும். எழுதியதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். கூட இருந்தவர் பெயரும் தரையின் போட்டோவும் உதவும்.

வாங்குவதற்கு முன்பே, தலைசுற்றல் மட்டும்தான் விலக்கா, அதனால் விழுந்து ஏற்படும் காயமும் விலக்கா என்று ஈமெயிலில் கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

பாலிசி எடுத்ததுக்கு அப்புறம்தான் அறிகுறி ஆரம்பிச்சுது. இப்போ சொல்லணுமா?

புறப்படும் முன் உடல்நிலை மாறினால் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் பாலிசியில் இருந்தால் சொல்ல வேண்டும். பிரிட்டனில் விற்கும் பல பாலிசிகளில் இந்த நிபந்தனை உண்டு. சொன்னதும் அவர்கள் தொடரலாம், கூடுதல் பிரீமியம் கேட்கலாம், இனி கவர் இல்லை என்றும் சொல்லலாம். கவர் இல்லை என்றால், அதன் காரணமாகப் பயணத்தை ரத்து செய்யும் செலவைத் தருவார்களா என்று அதே போனில் கேளுங்கள். ஆண்டு முழுவதற்குமான பாலிசி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு புது டிக்கெட்டுக்கு முன்பும் இதை யோசிக்க வேண்டும்.

டெஸ்ட் முடிவு நல்லபடியாக வந்தாலும் சொல்லுங்கள். விலக்கை எடுத்துவிட நாம் கேட்டால்தான் எடுப்பார்கள்.

ரிப்போர்ட் மோசமா வந்து பயணத்தையே ரத்து பண்ணினா டிக்கெட் காசு கிடைக்குமா?

அந்த அறிகுறி விலக்கப்பட்டிருந்தால், ரத்துச் செலவுக்கும் அதே விலக்குதான். மருத்துவச் செலவுக்கு மட்டும்தான் விலக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பு சொன்ன விலக்குத் தள்ளுபடி உள்ள பாலிசி என்றால் கிடைக்க வாய்ப்புண்டு. 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம்' என்ற கூடுதல் கவரும் சில நாடுகளில் கிடைக்கிறது. முழுப் பணம் வராது, பொதுவாகப் பயணத்துக்குக் கட்டியதில் 50 முதல் 75 சதவீதம். புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பாவது ரத்து செய்திருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இன்சூரன்ஸில் தேடுவதற்கு முன்னால், கொஞ்சம் கூடுதலானாலும் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டையும் அறையையும் எடுப்பதே எளிது என்பது என் கருத்து.

எனக்கு ஒண்ணும் இல்லை. கூட வராத அப்பாவுக்குத்தான் டெஸ்ட் நடக்குது. நான் ஏன் சொல்லணும்?

அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பயணத்தை விட்டுத் திரும்பி வருவீர்கள், அந்தச் செலவை நிறுவனத்திடம் கேட்பீர்கள். அதனால் பயணம் செய்யாத நெருங்கிய உறவினரின் உடல்நிலையையும் பல பாலிசிகள் கணக்கில் எடுக்கின்றன. கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள்.

அம்மா அப்பாவுக்கு எடுத்த பாலிசியில 'திடீர்னு தீவிரமானால் கவர்'னு இருக்கே. அது காப்பாத்தாதா?

பாதிதான் காப்பாற்றும். அமெரிக்காவுக்கு வரும் பெற்றோருக்கு விற்கும் பாலிசிகளில் 'அக்யூட் ஆன்செட்' என்ற பெயரில் இது வரும். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் திடீரென்று தீவிரமாக வேண்டும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். காரணம் தெரியாத நெஞ்சுவலி இரண்டு மாதமாக விட்டுவிட்டு வந்திருந்தால், அதுவே முன்னறிவிப்பு என்பார்கள். வயது கூடக்கூட இந்தக் கவர் சுருங்குவதும் உண்டு. இந்தியாவில் எடுக்கும் பல பாலிசிகள் ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் மட்டும் பணம் தரும். அதிலும் நிலைமை சீரானதும் கவர் நின்றுவிடும்.

இன்னொன்று: பிள்ளைகளைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று பெற்றோர் அறிகுறியை மறைப்பார்கள். படிவத்தை நிரப்பும் முன் அவர்களோடு நிதானமாக உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் பாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸே இருக்கே?

குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவர் என்பது விசா தருவதற்கான நிபந்தனை. தூதரகம் அந்தத் தொகையையும் தேதிகளையும் பார்க்கும், உங்கள் நோய்க்கு விலக்கு இருக்கிறதா என்று பார்க்காது. விசா வந்துவிட்டதால் கவர் இருப்பதாக நினைக்க வேண்டாம்.

போன இடத்துல அந்தத் தொந்தரவே வந்துட்டா முதல்ல என்ன பண்ணணும்?

உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி. இல்லையென்றால் சேர்வதற்கு முன்பே பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் சேர்ந்தால் பணத்தைக் குறைக்கும் பாலிசிகள் உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளையும் மருந்துச் சீட்டையும் போனில் படமாக வைத்திருங்கள். விலக்கு இருக்கிறது என்பதற்காக டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். தவறான தகவலில் தவறான சிகிச்சை நடந்துவிடும்.

எந்தக் கம்பெனியும் அதுக்குக் கவர் தரலை. போகலாமா, வேண்டாமா?

இதை டாக்டரிடம் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். பயணத்தின்போது இது தீவிரமாகும் வாய்ப்பு எவ்வளவு? தீவிரமானால் எந்த மாதிரி சிகிச்சை தேவைப்படும்? ஓரிரு நாள் மருந்தோடு முடியும் என்றால் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். ஐசியூவரை போகலாம் என்றால், சிகிச்சைச் செலவு மிக அதிகமான நாட்டுக்குக் கவர் இல்லாமல் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். திருமணமோ இறுதிச் சடங்கோ என்று தவிர்க்க முடியாத பயணமாக இருந்தால், நாட்களைக் குறைத்து, துணையோடு, நல்ல ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும்படி தங்குங்கள்.

க்ளெய்மை மறுத்துட்டாங்க. 'முன்பே இருந்த நோய்'னு ஒரே வரி. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். எந்தப் பிரிவின்படி, எந்த மருத்துவக் குறிப்பை வைத்து மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விலக்கு பொருந்துகிறது என்று காட்ட வேண்டியது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. பழைய அறிகுறிக்கும் இப்போதைய நோய்க்கும் தொடர்பில்லை என்றால், சிகிச்சை அளித்த டாக்டரிடம் அதைக் கடிதமாக வாங்குங்கள். பல மறுப்புகள் திரும்புவது இந்தக் கடிதத்தால்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூன்று நாளாக' என்பது 'மூன்று மாதமாக' என்று தவறாக ஏறியிருந்தால், ஆஸ்பத்திரியின் திருத்தக் கடிதம் வேண்டும்.

நிறுவனம் அசையாவிட்டால் ஆம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இந்தியாவில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனுக்கு முன், நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் புகார் போய்விட வேண்டும். பிரிட்டனில் நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதம். வாடிக்கையாளரிடம் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. முன்பு சொன்ன ஈமெயில்களையும் டாக்டர் கடிதங்களையும் தேதி வரிசையில் அடுக்கி இணைத்து அனுப்புங்கள்.